நான்காம் மாடியின் பச்சைத் துணி

மார்ச் 9

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

பக்கத்து வீட்டுத் தையல் எழுதுகிறேன். நான் சுகம். மிஷின் மோட்டார்தான் ஒரு வாரமாக முனகுகிறது, எண்ணெய் விட்டும் அடங்கவில்லை. மகள் வீட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இடுப்பில் வைத்த தகடு பழகிவிட்டதா? வலி இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். 'எல்லாம் ஓகே' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் நான் நம்பமாட்டேன்.

ஃபோனில் பேசி ஆகாது என்று போன ஞாயிறே முடிவு செய்துவிட்டேன். "சாப்பிட்டீங்களாண்ணே" என்று நான்கு தரம் கத்தினேன். கீழ் வீட்டிலிருந்து "சாப்ட்டாச்சுக்கா" என்று பதில் வந்தது. உங்களிடமிருந்துதான் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்த காது, அதைச் சொல்லி என்ன செய்ய. அதனால் பேனாவை எடுத்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பெருக்கிவிட்டு வருகிறேன். குழாயில் முதலில் துருவாக வந்தது, கொஞ்ச நேரம் விட்டதும் தெளிந்துவிட்டது.

போன வாரம் வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஃபைலும் கையுமாக வந்தாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறாளாம். தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது, அவசரம் என்றால் கூப்பிட அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இப்படி. கதவுக்குக் கதவு ஆணியில் தொங்கும் துணியைப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா, அலங்காரமா?" என்றாள். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த மனுஷர் செத்து நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகு நம் மாடி நர்ஸம்மா யோசனை சொல்லி நான் தைத்துக் கொடுத்தது என்று விளக்கினேன். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. படுக்கப் போகும்போது சிவப்பைத் திருப்பி வைக்க வேண்டும், காலையில் எழுந்ததும் பச்சை. எட்டு மணிக்கு அந்த வாரத்து முறைக்காரர் வராந்தாவில் ஒரு நடை போவார், சிவப்பாகவே இருக்கும் கதவைத் தட்டுவார். அவ்வளவுதான் விஷயம். "அப்ப உங்களுக்கு எத்தனை பேருன்னு போடட்டும்?" என்று கேட்டாள். "பதினொண்ணு" என்றேன். பேனாவை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அளக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

மாதக் கூட்டத்தில் என்னை நடுவில் நிற்கவைத்துக் கை தட்டினார்கள், அண்ணா. நீங்கள் விழுந்த அன்றைக்கு, மடித்துத் தைத்த பேன்ட்டைக் கொடுக்க மதியம் மூன்று மணிக்கு வந்து, தட்டியும் பதிலில்லாமல் என்னிடமிருந்த சாவியால் திறந்தேன் அல்லவா, அதற்காக. உயிரைக் காப்பாற்றியவளாம். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கை தட்டிய கையோடு எல்லாரும் பெயிண்டர் பக்கம் திரும்பினார்கள். அந்த வாரம் அவர் முறை. "காலைல அஞ்சரைக்கே விழுந்த மனுஷன். எட்டு மணிக்கு அவர் கதவு எப்படிப் பச்சையா இருக்கும்? நீ எட்டிக்கூடப் பாக்கல" என்று கடைசி வீட்டம்மா பிடித்துக்கொண்டார். "சத்தியமா பச்சையாத்தான் இருந்துச்சு" என்று பெயிண்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை.

முக்கியமான விஷயம். உங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வீடு பூட்டியே கிடப்பதால், திரும்பி வருகிறீர்களா, வீட்டை விட்டுவிடுகிறீர்களா என்று ஜூன் 15க்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவது என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி,
தையல்


மார்ச் 24

தங்கச்சி தையலுக்கு,

கடிதம் ஸ்டாப் தவறாமல் வந்து சேர்ந்தது. பிழை தேடிப் பார்த்தேன், மூன்றுதான் இருந்தது. டிப்போவில் எங்கள் மேனேஜர் எழுதுவதைவிட இது மேல்.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். காலையில் எழுந்து உட்காரும்போது வலிக்கிறது, பிறகு குறைந்துவிடுகிறது. வாக்கர் வைத்து வாசல் கேட் வரைக்கும் போய்வருகிறேன். போக இருபத்திரண்டு அடி, திரும்பி வர இருபத்தாறு. எப்படி நான்கு கூடுகிறது என்று கேட்காதீர்கள், களைப்பில் அடி சின்னதாகிவிடுகிறது.

இங்கே ஒரு குறையும் இல்லை. பட்டனை அழுத்தினால் தலைப்பக்கம் தூக்கிக்கொள்ளும் கட்டில், அறையோடு ஒட்டிய பாத்ரூம், அதில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மருமகன் தங்கமான மனுஷர், என் மருந்துகளை வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வைக்கிறார். இரண்டு பேரும் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் ஆறரைக்குத்தான் வருவார்கள். நடுவில் நான் இருக்கிறேன், டிவி இருக்கிறது. டிவியில் எழுத்து ஓடும் சேனலாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

எதிர்வீட்டுக்காரர் தினம் ஏழு பத்துக்குக் கார் எடுக்கிறார். ஒரு நிமிஷம் முந்தமாட்டார், பிந்தமாட்டார், எங்கள் டிப்போவில் இருந்திருக்க வேண்டிய ஆள். போன வாரம் அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். மனுஷர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை என்றதும் காரில் ஏறிப் போய்விட்டார். தப்பாக நினைக்கவில்லை. இந்தத் தெருவில் அந்தப் பழக்கம் இல்லை போல.

மகள் வீட்டை விட்டுவிடச் சொல்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாம் மாடிக்காரர் கதையை நான்தான் அவளிடம் சொல்லித் தொலைத்தேன், இப்போது அதையே திருப்பி என்னிடம் வீசுகிறாள். "ஒன்பதரை மணி நேரம் தரைல கிடந்திருக்கீங்கப்பா. பக்கத்து வீட்டு அத்தை வராம இருந்திருந்தா?" என்கிறாள். உங்களை அவள் கும்பிடாத நாள் இல்லை. நன்றிக்கு ஒரு கத்தரிக்கோல் வாங்கி வைத்திருக்கிறாள், தையல்காரர்கள் வைத்திருப்பார்களே அந்தப் பெரிய வகை. பார்சலில் வரும்.

பெயிண்டரைத் திட்ட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார்.

அன்புடன்,
டிரைவர் அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

கத்தரிக்கோல் வந்தது. நல்ல கனம், நல்ல கூர். உங்கள் மகளிடம் என் அன்பைச் சொல்லுங்கள். இவ்வளவு விலை கொடுத்து எனக்கு எதற்கு என்றும் சொல்லுங்கள்.

எதிர்வீட்டுக்காரர் விஷயத்தைப் படித்து முதலில் சிரித்தேன். நர்ஸம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேர் டீயும் ஆறிப்போனது. நீங்கள் இங்கே இருந்தபோது காலையில் பல் தேய்த்துக்கொண்டே வராந்தா முழுக்கக் குசலம் விசாரித்த ஆள்.

நல்ல செய்தி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கைவசம் இல்லை. பெயிண்டர் முறை நடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பொய்யன்னு சொன்ன வாயால நாளைக்கு என்னைத் திருடன்னும் சொல்வீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வாரம் முறை வந்தவர், "எனக்கெதுக்கு இந்த வம்பு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலையும் உருளும்" என்றார். அதற்கடுத்த வாரம் யாருமே நடக்கவில்லை. நர்ஸம்மா இரண்டு நாள் தனியாக நடந்து பார்த்தார், மூட்டு வலியில் விட்டுவிட்டார். இப்போது பன்னிரண்டு கதவில் நான்கு கதவில்தான் துணி திரும்புகிறது. மற்றதெல்லாம் என்றைக்கோ வைத்த பக்கத்திலேயே தொங்கி அழுக்குப் பிடிக்கிறது.

போன வாரம் கடைசி வீட்டம்மா இரண்டு நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்திருக்கிறார். அவர் கூட்டிப் பெருக்கும் ஆபீஸிலிருந்து ஆள் தேடி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. துணி பச்சையாகத்தான் இருந்தது, மூன்று வாரமாகவே பச்சை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், இப்போது எழுந்து நடக்கிறார், பழையபடி எல்லாரையும் திட்டுகிறார். அந்தத் திட்டைக் கேட்டபோது கோயில் மணி கேட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் வந்தால் இதெல்லாம் சரியாகும் என்று தோன்றுகிறது. நீங்கள் கூட்டத்தில் ஒரு அதட்டல் போட்டால் கேட்பார்கள். ஜூன் 15 நினைவிருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். பெயிண்டர் 'பார்த்ததைத்தான் சொல்கிறார்' என்று எழுதியிருந்தீர்களே, எதை வைத்து எழுதினீர்கள்? அந்த வரியைப் பல தடவை படித்துவிட்டேன்.

தங்கச்சி,
தையல்


மே 2

தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நடை முன்னேற்றம். கேட் தாண்டித் தெருமுனை வரைக்கும் போகிறேன். டாக்டர் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். வீட்டை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் ஏப்ரல் கடிதத்தை மகளும் படித்தாள். "பாத்தீங்களாப்பா, அந்தத் துணி ஏற்பாட்டை நம்பித்தானே அங்க போறேன்னு சொன்னீங்க. அதுவும் நின்னு போச்சு. இனி யார் வந்து கதவைத் தட்டுவாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அம்மா இல்லை, நான் ஒருத்தன்தான். ராத்திரியில் என் அறை வாசலில் வந்து நின்று மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். தூங்குவது போல் படுத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் அவளைப் படுத்த மனசு வரவில்லை.

சாமான் அதிகம் இல்லை. அடுப்பைப் பெயிண்டருக்குக் கொடுங்கள், அவருடையது ஒரு பக்கம் எரிவதில்லை. நாற்காலி இரண்டும் கடைசி வீட்டம்மாவுக்கு, மேஜை நர்ஸம்மாவுக்கு. உங்களுக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், கேட்க வேண்டாம். என் சட்டைகளை மட்டும் பார்சல் போடுங்கள்.

பெயிண்டர் விஷயத்தில் நீங்கள் கேட்டதற்கு இன்னொரு சமயம் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நன்றாக இருக்கும். இனி நேரில் எப்போதோ.

மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
டிரைவர் அண்ணன்


மே 9

அண்ணா,

சாமான் எதையும் நான் தொடவில்லை. இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு, பிறகும் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன்.

அன்றைக்குக் காலை உங்கள் துணியைப் பச்சைக்குத் திருப்பியது நான்.

ஆறு மணிக்குக் குப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்து, வழக்கம்போலத் திருப்பினேன். அதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே நீங்கள் உள்ளே விழுந்து கிடந்திருக்கிறீர்கள். ஒரு கதவு தூரம். கதவைத் தட்டவில்லை, காது வைத்துக் கேட்கவில்லை. திருப்பிவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்குப் பெயிண்டர் நடந்தார், பச்சையைப் பார்த்தார், போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். போன வருஷம் நர்ஸம்மா எட்டு மணிக்கு உங்கள் கதவைத் தட்டினாரே, நினைவிருக்கிறதா? "முப்பத்தோரு வருஷம் மூணு மணிக்கு எந்திரிச்சு மொத பஸ் எடுத்தவன், ஒம்பது வரைக்கும் தூங்கக்கூடாதா? செத்துட்டேனான்னு பாக்க வந்தீங்களா?" என்று லுங்கியோடு வந்து கத்தினீர்கள். நர்ஸம்மா அழுதுகொண்டே போனார். இனி அந்தக் கதவை விட்டுவிடலாம், அவர் இஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். விட்டுவிட எனக்கு மனசில்லை. தனியாக இருக்கிற ஆள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஆள். உங்கள் தூக்கமும் கெடக்கூடாது, அவர்களுக்கும் கோபம் வரக்கூடாது, ஏற்பாட்டிலும் உங்கள் கதவு இருக்க வேண்டும். அதற்கு இந்தக் குறுக்கு வழியைப் பிடித்தேன். எட்டு மாதம் தினம் திருப்பினேன். யாரைக் காப்பாற்ற அந்தத் துணியைத் தைத்தேனோ அவர் கதவிலேயே அதைப் பொய் சொல்ல வைத்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் சாமர்த்தியத்தால் மாடி நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்ல வாய் வரவில்லை. கூட்டத்தில் சொல்லலாம் என்று போனேன், கை தட்டிவிட்டார்கள். தட்டிய பிறகு வாய் ஒட்டிக்கொண்டது. பெயிண்டரைத் திட்டும்போது பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

உங்கள் மே 2 கடிதம் வந்த அன்றைக்குச் சாயங்காலமே எல்லாரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கடைசி வீட்டம்மா முதலில், "அன்னிக்கு நாங்க தட்டின கையத் திருப்பிக் குடு" என்றார். நர்ஸம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெயிண்டர் காலைத் தொடக் குனிந்தேன், அவர் நகர்ந்து போய்விட்டார். எல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

உங்கள் மகளிடம் இதைக் காட்டுங்கள், காட்டாமல் இருங்கள், உங்கள் இஷ்டம். கத்தரிக்கோலை டப்பாவிலிருந்து எடுக்கவே இல்லை. திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன். ஆனால் ஒன்று. நீங்கள் இந்த வீட்டை விடுவதாக இருந்தால் என்மேல் உள்ள கோபத்தில் விடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தட்ட ஆளில்லாத இடம் என்று நினைத்து விடாதீர்கள். பதினோரு பேர் தட்டத் தயாராக இருந்தார்கள். தட்டவிடாமல் செய்தவள் நான் ஒருத்திதான்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், பேப்பரில் அது ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

தையல்


மே 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வாரமாகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் படியேறுகிறார். உங்கள் மௌனம் எனக்குப் புரிகிறது. பதில் கேட்டு இதை எழுதவில்லை, இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நர்ஸம்மா பத்தாவது நாள் கதவைத் திறந்து வெளியே வந்தார். ஏற்பாட்டை மாற்றியிருக்கிறார். துணியை ராத்திரி வீட்டுக்குள்ளே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், காலையில் எழுந்தவர் தன் கையால் வெளியே மாட்ட வேண்டும். "இனி எந்தத் தையல்காரியும் அடுத்தவங்களுக்காக முழிச்சுக்க முடியாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெயிண்டர் நேற்று முழங்கால் கிழிந்த பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து மிஷின் மேல் போட்டார். "நாளைக்கு வேணும்" என்றார். இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு அவர்தான் நடந்தார். பதினொரு துணியும் வெளியே இருந்தது. உங்கள் கதவில் மட்டும் ஆணி.

15ஆம் தேதி நெருங்குகிறது. எந்தக் கட்டமாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள், தேதி தவறி உங்களுக்குத் தொல்லை வர வேண்டாம்.

தையல்


ஜூன் 8

தங்கச்சிக்கு,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்க விடமாட்டேன் என்று மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குத் தெரியும், தங்கச்சி. முதலிலிருந்தே தெரியும். அதை எழுதக் கூச்சப்பட்டுத்தான் ஒரு மாதம் ஓட்டிவிட்டேன்.

நர்ஸம்மாவிடம் கத்திய மறுவாரமே கவனித்தேன். ராத்திரி சிவப்பு வைத்துவிட்டுப் படுக்கிறேன், ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் பச்சை. துணிக்குக் கையா முளைக்கும்? ஒரு நாள் வேண்டுமென்றே சீக்கிரம் எழுந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குப்பைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் இரண்டு விரலால் திருப்பிவிட்டுப் போனீர்கள். செவிட்டு ஆளின் கதவில் எதற்கு அத்தனை மெதுவாக என்று சிரிப்பு வந்தது. ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. நான் தூங்கும்போது எனக்காக ஒருத்தி ஒரு வேலை செய்துவிட்டுப் போகிறாள் என்பது பிடித்திருந்தது. மனைவி போன பிறகு அப்படி ஒன்று நடந்ததில்லை. சொன்னால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள், நான் எழுந்து திருப்ப வேண்டியிருக்கும். அதனால் வாயைத் திறக்கவில்லை. அந்த எட்டு மாதத் தப்பில் பாதி எனக்கும் சேரும்.

விழுந்த அன்றைக்கு ஜன்னலில் வெளிச்சம் வந்ததும் தெரிந்துபோயிற்று. இப்போது தங்கச்சி பச்சை ஆக்கியிருக்கும், இனி எட்டு மணிக்கு யாரும் தட்டமாட்டார்கள் என்று. ரொம்பப் பயந்தேன். உங்கள்மேல் கோபம் வந்ததா என்றால், கொஞ்சம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். பிறகு உங்கள் மிஷின் ஓட ஆரம்பித்தது. காதுக்கு எட்டவில்லை, தரையில் கிடந்த கன்னத்தில் தெரிந்தது. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நின்றால், நூல் மாற்றுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நீளமாக ஓடினால், ஜன்னல் திரை தைக்கிறாள். மதியம் ரொம்ப நேரம் நின்றுபோனது, சாப்பிடப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி ஓடியதும் அழுதேன். அது இல்லாவிட்டால் மூன்று மணி வரைக்கும் தாங்கியிருக்க மாட்டேன். இதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

பெயிண்டருக்கு நான் செய்தது உங்களுடையதைவிட மோசம். தெரிந்திருந்தும் கூட்டத்துக்கு ஒரு வரி எழுதிப் போடவில்லை. எழுதினால் என் சோம்பேறித்தனமும் வெளியே வரும் என்று கோழைத்தனம். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் உள்ளே வைத்திருக்கிறேன். அடுப்பு உங்களுக்கு இல்லை, நானேதான் வருகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறேன்.

ஆமாம், கையெழுத்துப் போட்டாயிற்று. 'திரும்பி வருகிறேன்' கட்டத்தில். மகள்தான் பேனாவைத் திறந்து கொடுத்தாள். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். பிறகு நடந்ததை அவளே எழுதுகிறாளாம்.

முறைப் பட்டியலில் என் பேரையும் சேர்க்கச் சொல்லுங்கள். டாக்டர் காலையில் நடக்கச் சொல்கிறார். எங்கேயோ நடப்பதை நம் வராந்தாவில் எட்டு மணிக்கு நடக்கிறேன். நர்ஸம்மா கதவு சிவப்பாக, மன்னியுங்கள், வெறும் ஆணியாக இருந்தால் நான் தட்டுவேன். அவர் வெளியே வந்து என்னைத் திட்டட்டும், அந்தக் கணக்கும் தீரட்டும்.

அன்புடன்,
டிரைவர் அண்ணன்

அத்தை,

அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உங்களுக்குப் பதில் ஒன்று எழுதினேன், ஒட்டி ஸ்டாம்ப்கூடப் போட்டேன். அதைத் தபாலில் போடப் போகும் வழியில் கால் நின்றுவிட்டது.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூங்குவார், இல்லையென்றால் காது கேட்டிருக்காது என்று நானே சொல்லிக்கொண்டு போய்விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடும் வரைக்கும் அதை நினைக்கவே இல்லை. நீங்கள் துணியைத் திருப்பிய அதே வேலையைத்தான் ஒரு மணி நேரம் கழித்து நானும் செய்திருக்கிறேன். நான்கு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிறு அப்பாவிடம் சொன்னேன். "தெரியும்மா. கட்டில் மேல ஃபோன் வெளிச்சம் போட்டுச்சு, அந்த நேரத்துக்கு நீதான் கூப்பிடுவே" என்றார். அதையும் அவர் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் அப்பா அந்த மாடியில் இருந்திருக்கிறார், ஒருத்தர் நம்பர்கூட என்னிடம் இல்லை. வருகிற ஞாயிறு நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன், ஒவ்வொரு வீடாக ஏறி எல்லார் நம்பரும் வாங்க வேண்டும். கத்தரிக்கோலை டப்பாவிலிருந்து எடுங்கள், அது உங்களுடையது. முதலில் உங்கள் ஃபோன் நம்பரை எனக்கு அனுப்புங்கள், அத்தை.